யார் தாழ வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாஸ்பேட்டைத் தெருக்களில் நடப்பவர்கள் கோயிலுக்குப் போகாமலேயே பிரசங்கம் கேட்டுவிடலாம். மாடிக் கூடங்களில் நடக்கும் சபைகளின் ஒலிபெருக்கி அதைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும். 'தாழ்மை' என்ற சொல் அதில் எப்படியும் ஒருமுறை வரும். கத்தோலிக்கக் கோயில் என்றால் அதுவே 'தாழ்ச்சி'. பழைய ஞானோபதேசத்தில் ஆங்காரத்துக்கு எதிரான புண்ணியம் அதுதான். சொல் கொஞ்சம் மாறினாலும் கேட்பது ஒன்றுதான்: உன்னைத் தாழ்த்திக்கொள்.

எளிமையான, உண்மையான விசுவாச வாழ்க்கை என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் சொல்லும் பதிலும் இதுதான். அலட்டாமல் இருப்பது, அடுத்தவர் காலைக் கழுவுவது, கொடுப்பதை வலது கைக்கும் இடது கைக்கும் தெரியாமல் கொடுப்பது. இதில் மறுக்க என்ன இருக்கிறது? எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் தமிழில் இந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் வந்து நின்றுகொள்கிறது: தாழ்த்தப்பட்டவர். ஒரே வேர். தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை, தாழ்த்தப்படுதல் செயப்பாட்டுவினை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம்தான். ஆனால் ஒரு நாட்டின் கிறிஸ்தவ வரலாற்றையே இந்த மூன்று வினைகளுக்குள் அடக்கிவிடலாம் போலிருக்கிறது.

தானாகத் தாழ்பவன் புனிதன். அடுத்தவனால் தாழ்த்தப்பட்டவனிடம் போய் 'தாழ்மையாக இரு' என்று சொன்னால், அது அறிவுரையா, அல்லது ஏற்கெனவே நடந்த அநியாயத்துக்கு வேத முலாமா? இந்தக் கட்டுரையின் கேள்வி அவ்வளவுதான்.

ஆண்டை, ஆண்டவர் என்ற இரண்டு சொற்களும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நிலக்காரரை ஆண்டை என்பார்கள். கோயிலில் கும்பிடுவது ஆண்டவரை. இரண்டும் 'ஆள்' என்ற ஒரே வேரிலிருந்து வருபவை. ஆறு நாள் ஆண்டை வாசலில் குனிந்தவன் ஏழாம் நாள் ஆண்டவர் வாசலில் குனிகிறான். இரண்டு குனிதலும் ஒன்றா என்று அவனை யாரும் கேட்டதில்லை.

2

லாஸ்பேட்டை என்ற பெயர் ழான் லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சு ஆளுநரின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்ததும் இடிபாடுகளின் மேல் அதை மறுபடி கட்ட வைத்தவர் இந்த லா. இன்று கல்லூரியும் விமான நிலையமும் ஹெலிபேட் மைதானமும் உழவர் சந்தையுமாக இருக்கும் எங்கள் பேட்டைக்கு, ஊரைத் திரும்பக் கட்டியவரின் பெயர்.

நான் சொல்ல வருவது அவர் கட்டிய ஊரைப் பற்றி அல்ல, அதற்கு முன்பு இருந்த ஊரைப் பற்றி. அந்த ஊரில் ஒரு சுவர் இருந்தது.

1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதராக ஷார்ல் தோமா தெ தூர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சீனாவுக்குப் போகும் வழியில் தங்கியவர். நோய்வாய்ப்பட்டதால் ஊரை விட்டு அதிகம் நகரவில்லை. எட்டு மாதம் இருந்துவிட்டு 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குச் சர்ச்சை என்று திருச்சபை வரலாற்றில் அறியப்படுவதன் மையம் அந்த ஆணைதான். இங்கிருந்த இயேசு சபைக் குருக்கள் உள்ளூர் வழக்கங்களுக்கு எவ்வளவு தூரம் இடம் கொடுக்கலாம் என்பதே சர்ச்சை. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, திருநீறு கூடாது, ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொடும் சடங்கை விடக் கூடாது, மாதவிலக்கான பெண்ணுக்குப் பாவசங்கீர்த்தனத்தை மறுக்கக் கூடாது என்று ஆணை நீண்டுகொண்டே போகிறது. அதற்குள் ஒரு வரி: சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் குரு போக வேண்டும்.

இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால் அதற்கு முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். உள்ளே போனால் மற்ற சாதியார் குருவை ஏற்க மாட்டார்கள் என்பதால் சாகிறவரைக் குடிசைக்கு வெளியே தூக்கிவந்து நோயில் பூசுதல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சர்ச்சை நாற்பது வருடம் ஓடியது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதை முடித்து வைத்தார். எப்படி முடிந்தது தெரியுமா? தலித்துகளுக்கென்றே தனியாகச் சில குருக்களை நியமித்துவிடலாம் என்று இயேசு சபையார் முன்வைத்த யோசனையைப் போப்பாண்டவர் ஏற்றுக்கொண்டார். வீட்டுக்குள் போகத்தான் வேண்டும், ஆனால் போகிறவர் வேறு ஆள்.

அடுத்த வருடம், 1745 அக்டோபரில், ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஒரு சம்பவத்தை எழுதி வைக்கிறார். பிள்ளை கிறிஸ்தவர் இல்லை. ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்கு நெருக்கமான வணிகர், பின்னாளில் அவருடைய தலைமைத் துபாஷி. சந்தை விலை முதல் கப்பல் வரவு வரை எல்லாவற்றையும் எழுதியவர். கோயிலுக்குள் வடக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருந்ததையும், அதற்கு ஒரு புறம் பறையர் கிறிஸ்தவர்களும் மறுபுறம் மற்றவர்களும் பூசை கேட்டதையும் பதிவு செய்கிறார். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு இதைப் பார்த்துவிட்டு, 'இதற்கு எப்படிச் சம்மதித்தீர்கள்?' என்ற பொருளில் அந்த மக்களிடம் கேட்கிறார். அவர்கள் கூட்டமாகப் பெரிய குருவிடம் போகிறார்கள். நாங்கள் உமக்குச் சீடர்கள் என்றால் எங்களையும் மற்றவர்களைப் போல நடத்தும், கடவுள் பேதம் பார்ப்பதில்லையே என்று முறையிடுகிறார்கள். அவர் நியாயம்தான் என்று சுவரை எடுக்கச் சொல்கிறார். அன்று எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். உயர்சாதிக் கிறிஸ்தவர்களிடம் அது எழுப்பிய கொந்தளிப்பையும் பிள்ளை எழுதுகிறார்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன விஷயம். சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் தாழ்மையில்லாதவர்களா? அன்றைக்கு அந்தக் கோயிலில் இருந்த 'மரியாதையான' கிறிஸ்தவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கொடுத்த இடத்தில் உட்காராமல், கும்பலாகப் போய், சாமியாரிடமே நியாயம் கேட்டால் அது ஆங்காரம்தானே?

மூன்றே வருடத்தில், 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே இதே ஊரில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அதையும் பிள்ளை வேதனையோடு எழுதியிருக்கிறார். தங்கள் கோயிலுக்குள் இருந்த சுவரை எடுக்க மனு போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. அடுத்தவர் கோயிலை இடிக்க அதிகாரத்தின் ஓர் உத்தரவு போதுமாக இருந்தது. தாழ்மையைப் பேசும் மதம் அதிகாரத்தின் கையில் இருக்கும்போது எது கஷ்டம், எது சுலபம் என்பதற்கு இந்த இரண்டு இடிப்புகளும் போதும்.

3

தாழ்மையையும் எளிமையையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். இந்தக் குழப்பத்துக்கு நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். இத்தாலியப் பிரபு குடும்பம். அதை எல்லாம் விட்டுவிட்டுக் காவி கட்டி, மரக்கட்டைச் செருப்பு போட்டு, புலால் தொடாமல், ஒருவேளைச் சோற்றில் வாழ்ந்தார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். தத்துவபோதகர் என்ற பெயரில் தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது அதிகம். அவருடைய எளிமையில் பொய் இல்லை.

ஆனால் அதே மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த குரு, பரவர்களுக்கும் போர்ச்சுக்கீசியர்களுக்குமாக ஒரு கோயிலை நடத்திக்கொண்டிருந்தார். நொபிலி அவரிடமிருந்து விலகித் தனியாக வாழ்ந்தார். அவருடைய புதிய கிறிஸ்தவர்கள் பழைய கிறிஸ்தவர்களோடு கலக்கவில்லை. கலந்தால் மேல்சாதியார் யாரும் வேதத்துக்கு வர மாட்டார்கள் என்பது நொபிலியின் வாதம். பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார்.

நொபிலியை இன்றைய அளவுகோலில் வைத்துத் தீர்ப்பு சொல்வது சுலபம். அதைச் செய்ய வேண்டாம். அவர் வாழ்க்கை ஒரு உண்மையைக் காட்டுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்: ஒரு மனிதர் சோற்றைக் குறைக்கலாம், துணியைக் குறைக்கலாம், வசதியை முழுக்க விடலாம், அப்படியும் தன் இடத்தை விடாமல் இருக்கலாம். எளிமை என்பது பொருளை விடுவது. தாழ்மை என்பது இடத்தை விடுவது. முதலாவதைத் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து செய்துவிட முடியும். இரண்டாவதற்கு இன்னொரு மனிதர் வேண்டும். அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

பெரிய வியாழனன்று கோயில்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். பன்னிரண்டு பேரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அவர்கள் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் போட்டு வருவார்கள். கழுவின காலைச் சாமியார் மறுபடி கழுவுவார். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அழுக்கு இல்லாத காலைக் கழுவுவதுதான் நாம் பழகிக்கொண்ட தாழ்மை. 2013இல் போப் பிரான்சிஸ் பதவிக்கு வந்த சில நாட்களிலேயே ரோமில் இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் அடங்கிய பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அதில் பெண் கால் எப்படி வரலாம் என்று பக்திமான்களே சங்கடப்பட்டார்கள். 2016இல்தான் அந்தச் சடங்கில் பெண்களைச் சேர்க்கலாம் என்று விதியே திருத்தப்பட்டது. குனிகிறவரைப் பற்றி யாருக்கும் பிரச்சினை இல்லை. எந்தக் காலின் முன்னால் குனிகிறார் என்பதுதான் பிரச்சினை.

4

வள்ளுவர் இதை வேறு ஒரு இடத்தில் பிடித்துவிட்டார். பணிவு எல்லோருக்கும் நல்லதுதான், செல்வர்களிடம் இருந்தால் அது இன்னொரு செல்வம் என்பார் அடக்கமுடைமையில். அது நமக்குத் தெரிந்த குறள். மானம் என்ற அதிகாரத்தில் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொல்கிறார்: வளம் பெருகும்போது பணிவு வேண்டும், சுருங்கும்போது உயர்வு வேண்டும். அதாவது பணிவு எல்லோருக்கும் எப்போதும் ஒரே அளவில் விதிக்கப்பட்ட மருந்து இல்லை. இருக்கிறவன் குனிய வேண்டும், இல்லாதவன் நிமிர வேண்டும். இருவருக்கும் ஒரே பிரசங்கத்தைச் செய்தால் ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு விஷம்.

புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்துவின் தாழ்மையைச் சொல்லும் இடத்தையும் இப்படிப் படிக்கலாம். கடவுளுக்கு நிகராக இருந்தவர் அந்த நிலையை இறுகப் பற்றிக்கொள்ளாமல் தன்னையே வெறுமையாக்கினார் என்பது அதன் சாரம். மேலே இருந்தவர், கையில் இருந்ததை, தானே விட்டார். தன்வினை. விடுவதற்கு ஒன்று கையில் இருந்தால்தான் அந்த வினை நடக்கும். எதுவுமே கையில் விட்டு வைக்கப்படாதவரிடம் அதையே செய்யச் சொன்னால் அவர் எதை விடுவார்?

அப்படியானால் தாழ்மை வசதியானவர்களுக்கு மட்டுமே உரிய புண்ணியமா? ஏழைக்கு அது கிடையாதா? இந்த முடிவும் சரியாக வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர், நாலைந்து வீடுகளில் வேலை செய்கிறார். காலைப் பூசைக்குத் தவற மாட்டார். பெஞ்சில் உட்கார மாட்டார், வாசலோரம் தரையில்தான். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் ஆயா, பெஞ்சுதான் காலியா இருக்கே?"

"இங்கதான் கண்ணு காத்து வருது. காலும் நீட்டிக்கலாம்."

முந்நூறு வருடச் சுவரின் நிழல் இது என்று நான் மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவரே தொடர்ந்து சொன்னார்:

"எங்க ஊர்ல ஆண்டை வூட்டு வாசல்ல எங்கப்பா செருப்பக் கையில எடுத்துக்கினு நிப்பாரு. அது பயம். இங்க நான் முட்டி போடறது பயம் இல்ல. இங்க முட்டி போடறதாலதான் வேற எங்கயும் போடறதில்ல."

அவர் வேலை செய்யும் ஒரு வீட்டில் தனி டம்ளர் கொடுத்தார்கள் என்று அடுத்த நாளே அந்த வேலையை விட்டவர் இவர். அந்த வீட்டார் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். வாசலோரத் தரையும் அவருடையதுதான், திமிரும் அவருடையதுதான். இரண்டும் ஒரே விசுவாசத்திலிருந்து வருகின்றன என்று எனக்குப் புரிய நாளானது.

அவிலா நகர் தெரேசா பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய ஆன்மிக நூலில் தாழ்ச்சி என்றால் உண்மையில் நடப்பது என்கிறார். தன்னைப் பற்றிய உண்மை. நம்மில் பலர் தாழ்மை என்றால் நம்மை நாமே குறைத்துச் சொல்லிக்கொள்வது என்று நினைக்கிறோம். 'நான் ஒண்ணுமே இல்லைங்க' என்று சொல்லிக்கொண்டே பாராட்டை எதிர்பார்ப்பது அதன் வழக்கமான வடிவம். தெரேசாவின் கணக்கில் அது பொய். தன் உண்மையான அளவுக்கு மேலே நிற்பது ஆங்காரம் என்றால் உண்மையான அளவுக்குக் கீழே நிற்பதும் பொய்தான்.

இதை ஏற்றுக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிறது. அளவுக்கு மேலே வைக்கப்பட்டவர் இறங்கி வருவது தாழ்மை. அளவுக்குக் கீழே தள்ளப்பட்டவர் எழுந்து தன் அளவுக்கு வருவதும் தாழ்மை. 1745இல் பெரிய குருவிடம் முறையிடப் போன மக்கள், அந்தக் கோயிலில் இருந்தவர்களிலேயே தாழ்மையானவர்கள். தாங்கள் யார் என்ற உண்மையை, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், சொன்னார்கள். சுவருக்கு மறுபுறம் இருந்தவர்களுக்கு அந்த உண்மை தேவைப்படவில்லை.

5

தாழ்மை உண்மையோடு சேர்ந்தது என்றால் அடுத்த கேள்விக்கு வந்துதான் ஆக வேண்டும். இது இன்னும் சிக்கல்.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். தந்தை பட்டியல் சாதியில் பிறந்தவர், தாய் கிறிஸ்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் தரப்பட்டிருந்தது. தான் இந்துவாகவே வாழ்வதாக அவர் சொன்னார். அவர் தொடர்ந்து கோயிலுக்குப் போய்வருகிறார், கிறிஸ்தவத்தைப் பின்பற்றுகிறார் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது சரி என்றது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இன்னொரு மதத்தைக் காட்டிக்கொள்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றும் சொன்னது.

சட்டப்படி நீதிமன்றத்துக்கு வேறு வழி அதிகம் இல்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைப் பின்பற்றாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தலித் கிறிஸ்தவர்கள் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆனால் என்னை யோசிக்க வைப்பது சட்டம் அல்ல, தீர்ப்பில் வரும் 'உண்மையான நம்பிக்கை' என்ற எண்ணம். பிரசங்கத்தில் கேட்கும் அதே சொல். விசுவாசம் உண்மையானதா என்று சாமியார் கேட்கிறார், இப்போது அரசும் கேட்கிறது. ஒரு குழந்தையின் தலையில் ஊற்றப்பட்ட தண்ணீர் முப்பது வருடம் கழித்துச் சாட்சியாக எழுந்து நிற்கிறது.

சான்றிதழில் ஒரு மதம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம் என்று வாழும் பலரை நமக்குத் தெரியும். யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பள்ளியில் ஒரு பெயர், கோயில் பதிவேட்டில் ஒரு பெயர். இது பொய்யா? எளிமையும் உண்மையுமாக விசுவாசத்தை வாழ வேண்டும் என்று சொல்பவர்கள் இவர்களிடம் என்ன சொல்வார்கள்?

பொய்தான் என்று நேராகச் சொல்பவர்களும் உண்டு. விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர்கள் இருக்கும்போது ஒரு சான்றிதழை விட முடியாதா என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விலை எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. பிற்படுத்தப்பட்ட சாதிகள் பலவற்றில் ஒருவர் கிறிஸ்தவர் ஆனாலும் பட்டியலில் அவருக்கு இடம் இருக்கிறது. முற்பட்ட சாதியில் பிறந்தவருக்கோ இழக்க எதுவும் இல்லை. ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கட்டச் சொல்லப்படுவது ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும். அந்தக் கட்டணத்தைக் கட்டாதவரைப் பார்த்து, கட்டணமே இல்லாமல் உள்ளே வந்தவர் 'உன் விசுவாசம் உண்மையானதா?' என்று கேட்பதில் ஒரு அசிங்கம் இருக்கிறது.

இரட்டை வாழ்க்கையைப் புண்ணியம் என்று சொல்ல வரவில்லை. வாழ்கிறவர்களுக்கே அது வலிக்கிறது. கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும்போது பயம், சாவு வீட்டில் பெட்டியின் மேல் எந்தப் பெயரை எழுதுவது என்று பயம். தன் பெயரைத் தானே மறைக்க வேண்டியிருப்பது ஒரு காயம். ஆனால் காயத்தைக் குற்றம் என்று அழைப்பதற்கு முன்பு கத்தி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது திருச்சபையைத் தொடுகிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குப் பட்டியல் சாதித் தகுதி என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், எங்களிடமும் சாதி இருக்கிறது என்று திருச்சபை வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் தீண்டாமை நடைமுறையில் இருப்பதை ஒப்புக்கொண்டது. இந்திய கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் அதே ஆவணம் சொன்னது. அதாவது பாதிக்கு மேலான பிள்ளைகளைப் பற்றிய உண்மையைச் சொல்ல ஒரு வீட்டுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்கவும் முடியாது. 2008 மார்ச்சில், புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி நடந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். எல்லோரும் ஒரே நற்கருணையை வாங்கியவர்கள். 1992இல் பாமா 'கருக்கு' எழுதினார். தலித் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊழியம் நடப்பதைப் பார்த்து வெளியே வந்தவர். மடத்தைவிட்டு வந்ததை விசுவாசத்தை விட்டதாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. கீழ்ப்படிதல் என்ற பெயரில் பொய்யில் நீடிக்க முடியாமல் போனவரின் கதை அது. தெரேசா சொன்ன அர்த்தத்தில் பார்த்தால் வெளியேறியதும் ஒரு தாழ்ச்சிதான்.

6

எளிமையான, உண்மையான விசுவாச வாழ்க்கைக்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் கேட்பவரை வைத்து அந்த அறிவுரையை எடைபோடலாம் என்று தோன்றுகிறது. தாழ்மையைப் பற்றி ஒருவர் பேசும்போது, அது அவர் தனக்குச் சொல்லிக்கொள்வதா, தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்குச் சொல்வதா? முதலாவது ஜெபம், இரண்டாவது நிர்வாகம். உண்மையாக இரு என்று சொல்லும்போதும் அதே கேள்வி: அந்த உண்மைக்கான செலவில் சொல்கிறவரின் பங்கு எவ்வளவு?

இந்தக் கணக்கில் பார்த்தால் காரைக்காலிலிருந்து வந்த அந்தப் பெயர் தெரியாத குரு எனக்கு முக்கியமானவராகிறார். அவர் யாருக்கும் தாழ்மையைப் போதிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஆள், எல்லோரும் பழகிப்போன சுவரைப் புதிதாகப் பார்த்தார், அவ்வளவுதான். சுவரை அவர் இடிக்கவும் இல்லை. இதற்கு ஏன் சம்மதித்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டார். மீதியை அந்த மக்களே செய்தார்கள். அடுத்தவருக்குப் பதிலாகத் தானே வீரனாகாமல், அவர்கள் நிமிர இடம் விட்டு விலகி நின்றதை நான் தாழ்மை என்பேன். அவர் குருவாக இருந்ததை விட அது பெரிய ஊழியம்.

இன்றைய கோயில்களில் பெரும்பாலும் நடுவில் சுவர் இல்லை. பெஞ்சுகள் எல்லோருக்கும் பொது. ஆனால் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாக இருக்கிறது. தேர் சில தெருக்களுக்குப் போவதில்லை. திருவிழாச் செலவுக்கு வரி வாங்கும் பட்டியலில் சில வீடுகள் மட்டும் விட்டுப்போகின்றன, அதைச் சலுகை என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள். இவற்றில் ஏதாவது ஒன்றின் முன்னால் நின்று, 'இதுக்கு எப்படிங்க ஒத்துக்கிட்டோம்?' என்று கேட்க இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் நம்மைத் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள். 1745இலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.